அறையில் யாரும் இல்லை

மனிதகுலம் கதவைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஒரே ஒரு கேள்வி அதை நிம்மதியாக இருக்கவிடாமல் வாட்டி வந்திருக்கிறது: உள்ளே ஆள் இருக்கிறதா, இல்லையா? இதற்கு விடை காண நம் முன்னோர்கள் கையாண்ட முறைகளை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. கதவைத் தட்டினார்கள். "யாருங்க உள்ள?" என்று குரல் கொடுத்தார்கள். நெஞ்சுரம் கொண்ட சிலர் கதவைத் திறந்தே பார்த்துவிட்டார்கள். அந்த இருண்ட காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது ஒரு கணினி அறிவியல் ஆய்வு. அதற்கு ஆறே ஆறு வருஷம்தான் பிடித்தது.

ஆய்வைச் செய்த பெண்ணைத் துறையில் எல்லோரும் "ஆறாம் வருஷம்" என்று அழைத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் "அஞ்சாம் வருஷம்" என்று அழைத்தார்கள். ஆய்வு மாணவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர்கள் வளர்வது வெளியே தெரியாமல் போய்விடும் என்று துறை கருதியது.

அவளுடைய ஆய்வுத் தலைப்பு, "செயற்கை நரம்பு வலையமைப்பின் துணையுடன் மூடிய வெளிகளில் மனித இருப்பின்மையை உய்த்துணர்தல்". ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்யும் அம்மாவுக்கு அதை அவள் சுருக்கமாக விளக்கியிருந்தாள்.

"ரூம் காலியா இருந்தா கம்ப்யூட்டரே சொல்லிடும்மா."

"ரூம் காலியா இருந்தா அது யார்கிட்டடி சொல்லும்?"

நான்கு கருத்தரங்குகளில் ஒரு நிபுணர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

வழிகாட்டிப் பேராசிரியர் மிகப் பெரியவர். ஒரு விமானத்துக்கும் இன்னொரு விமானத்துக்கும் நடுவே மாணவர்களுக்கு வழிகாட்டுவார். சாம்பல் நிறத்தில் ஒரு நல்ல கோட்டு வைத்திருந்தார். கூட்டங்களில் பாதி நேரம் அவர் வெளியே போய் போன் பேசிக்கொண்டிருப்பார். நாற்காலி முதுகில் தொங்கும் கோட்டு அவருக்குப் பதிலாகக் கூட்டத்தைக் கவனித்துக்கொள்ளும். பல நல்ல முடிவுகள் அப்படி எடுக்கப்பட்டவைதான்.

அறையில் ஆள் இருப்பது எப்படி இருக்கும், இல்லாதது எப்படி இருக்கும் என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க ஆயிரக்கணக்கில் படங்கள் வேண்டும். "ஆள் உண்டு" என்ற வகைக்கு அவள் துறைக் கூட்டங்களைப் படம் எடுத்தாள். "காலி" என்ற வகைக்கு ஆளில்லாத அறையைப் படம் எடுக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் வந்தது. விலையுயர்ந்த கருவிகளை ஆளில்லாத அறையில் விட்டுச் செல்லக்கூடாது என்பது துறையின் சொத்துப் பாதுகாப்பு விதி. கேமரா விலையுயர்ந்த கருவி.

பேராசிரியர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நீ கேமரா கூடவே உக்காந்துக்கம்மா."

"அப்ப ரூம்ல நான் இருப்பேனே சார்?"

"நீ ஆராய்ச்சியாளர். ஆராய்ச்சியாளரை எண்ணிக்கையில சேர்க்கக்கூடாது. அடிப்படை விஷயம்மா இது."

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. நான்கு மாதம் அந்த அறையின் மூலை நாற்காலியில் லேப்டாப்பைப் பார்த்துக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே கொட்டாவி விட்டாள். நிமிஷத்துக்கு ஒரு படம் விழுந்தது. நாற்பத்தோராயிரம் படங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் "காலி" என்று தன் கையாலேயே குறித்து வைத்தாள்.

கட்டிடத்தின் அறைகளைத் திறந்து, கூட்டி, பூட்டும் சாவிக்கார அக்கா ஒரு நாள் பெருக்கிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"காலின்னு எழுதியிருக்கு அக்கா."

"மூலைல நீ உக்காந்திருக்கியே?"

"நான் கணக்குல வர மாட்டேன் அக்கா."

அக்கா துடைப்பத்தை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சாப்பிட்டியா நீ?" என்று மட்டும் கேட்டாள்.

இயந்திரம் அபாரமாகக் கற்றுக்கொண்டது. அந்தப் படங்களிலேயே சோதித்துப் பார்த்ததில் துல்லியம் தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று சதவீதம். பேராசிரியர் நான்கு நாடுகளில் அந்த எண்ணைப் படித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கி வந்தார். ஆய்வேட்டை அச்சடித்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஆராய்ச்சி என்ற பெயரில் யாருக்கும் உதவாத விஷயங்கள் நடப்பதாக மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். இனி ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் "நடைமுறைப் பயன் சான்றிதழ்" இணைக்க வேண்டும். கண்டுபிடிப்பைத் துறைக்கு வெளியே ஒருவர் ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்து, பயன் கிடைத்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் ஆறாம் வருஷத்துக்காரர்களின் பதிவு ரத்து. ஆறு வருஷமும் போச்சு.

அவளோடு படித்தவர்களுக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. அவளிடம் இருந்ததெல்லாம் நாற்பத்தோராயிரம் காலி அறைகள்தான்.

நல்லவேளையாகப் பதிவாளர் முன்வந்தார். சிக்கனத்தில் ஈடுபாடு உள்ளவர். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு நெஞ்சு எரியும். அவருடைய ஆலோசனைக் கூடத்திலும், அவள் உட்பட பதினொரு மாணவர்கள் வேலை செய்யும் ஆய்வு அறையிலும் இயந்திரத்தைப் பொருத்தச் சொன்னார். அறை காலி என்று இயந்திரம் கண்டால் விளக்கையும் ஏசியையும் அணைத்துவிடும். வாசல் பலகையில் "காலி" என்று எழுத்து ஓடும். ஆலோசனைக் கூடத்தில் விலையுயர்ந்த மேஜை இருந்ததால், அங்கே கதவைப் பூட்டவும் செய்யும். சாவித் துவாரம் "மனிதத் தவறுகளுக்கு இடம் தரும்" என்று பேராசிரியர் சொன்னதால் அதை அடைத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் ஓடியது. ஆலோசனைக் கூடத்தில் ஒரு குறையும் இல்லை. ஆய்வு அறையில்தான் பகலெல்லாம் விளக்கு அணைந்து அணைந்து போயிற்று. வயரில் ஏதோ கோளாறு என்று எண்ணி, பதினொரு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து வேலை பார்த்தார்கள். அப்படிக் குனிவது அவர்களுக்குப் பழக்கம்தான்.

கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் செயல்விளக்கம் நடந்தது. பதிவாளரும் பேராசிரியரும் அவளும் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். பலகை "ஆள் உண்டு" என்றது. பதிவாளர் தலையாட்டினார். பேராசிரியர் புழுக்கத்துக்குக் கோட்டைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் பதிவாளரோடு வெளியே போனார். அவளும் எழுந்தாள்.

"நீ இரும்மா. கேமராவைத் தனியா விடக்கூடாது."

கதவு மூடிக்கொண்டது. பலகை ஒரு விநாடி யோசித்து, "காலி" என்றது. விளக்கு அணைந்தது. ஏசி அடங்கியது. பூட்டு கிளிக் என்றது.

"பிரமாதம்" என்றார் பதிவாளர். உடனே உள்ளிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டது. "உள்ள யாரோ தட்டுற மாதிரி இருக்கே."

பேராசிரியர் பலகையைக் காட்டினார். "காலின்னு போட்டிருக்கு சார்."

"ஆமா, போட்டிருக்கு. அப்ப தட்டுறது?"

"துல்லியம் தொண்ணூத்தொன்பது புள்ளி மூணு. தட்டுறது மீதி புள்ளி ஏழு."

"சார், நான்தான் சார்" என்றது கதவு.

"பேசுதே" என்றார் பதிவாளர்.

"குரல் இந்த ஆய்வோட எல்லைக்குள்ள வராது சார். இது படத்தை மட்டும்தான் பார்க்கும்."

சத்தம் கேட்டுச் சாவிக்கார அக்கா சாவிக்கொத்தோடு வந்தாள். அடைபட்ட துவாரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பொண்ணை உள்ள வச்சுப் பூட்டிட்டு என்னங்க பேசிட்டிருக்கீங்க?"

"பொண்ணு இருக்கிறதா இன்னும் உறுதியாகலைம்மா" என்றார் பேராசிரியர்.

உள்ளே அவள் பதறவில்லை. ஆறு வருஷப் பயிற்சி வீண்போகுமா? ஆள் உண்டு என்று இயந்திரத்தை நம்பவைத்தால் பூட்டு திறந்துகொள்ளும். கேமராவுக்கு எதிரே வந்து நின்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்ற முறைப்படி சோதனையைத் தொடங்கி, குறிப்பும் எழுதினாள். கண்ணாடியைக் கழற்றினாள்: காலி. பின்னலை அவிழ்த்தாள்: காலி. வேறு நாற்காலியில் உட்கார்ந்தாள்: காலி. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். நான்கு மாதப் படங்களில் சோம்பல் முறித்தது எத்தனை தடவையோ, அதுவும் காலி. ஓய்ந்துபோய் லேப்டாப்பை மேஜைமேல் வைக்க இடம் தேடியவள், பேராசிரியரின் கோட்டை எடுத்து உதறி, பக்கத்து நாற்காலி முதுகில் மாட்டினாள்.

விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஏசி உறுமியது. கதவு மரியாதையாகத் திறந்தது. வெளியே பலகையில் "ஆள் உண்டு" என்று ஓடியது.

"பாத்தீங்களா சார்?" என்றார் பேராசிரியர்.

அவள் கோட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். நாற்பத்தோராயிரம் படங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் ஓடின: எல்லாவற்றிலும் மூலையில் குனிந்தபடி அவள். கூட்டப் படங்களிலோ நாற்காலி முதுகில் இந்தக் கோட்டு. தப்பு எங்கே நடந்தது என்று புரிந்தது. அது தன் கையெழுத்தில் இருந்தது என்பதும் புரிந்தது.

எல்லோரும் உள்ளே வந்தார்கள். பதிவாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். "இந்த ஒரு மாசத்துல ஆய்வு அறையில மட்டும் மின்சாரம் பாதியாக் குறைஞ்சிருக்கு. பெரிய பயன்." அவளுக்கு உயிர் வந்தது. அவர் இன்னொரு தாளை எடுத்தார். "ஆனா உங்க வருகைப்பதிவு இடிக்குதே. நோட்டுல கையெழுத்து போடுற பழக்கத்தை நிறுத்திட்டு, இந்த மாசம் உங்க இயந்திரத்தை வச்சுத்தான் வருகை எடுத்தோம். ஆய்வு அறைக்கு ஒரு மாசமா யாருமே வரலை. தினம் காலைல எட்டு பத்துலேர்ந்து எட்டரை வரைக்கும் மட்டும் ஆள் உண்டு."

"அது நான் பெருக்குற நேரம்" என்றாள் அக்கா.

பதிவாளர் அக்காவைப் புது மரியாதையோடு பார்த்தார். "நூறு சதவீத வருகை. நீங்க எப்பம்மா ஆய்வேடு கொடுக்கப்போறீங்க?"

"சார், நான் தினமும் வந்தேன்" என்றாள் ஆறாம் வருஷம். "இயந்திரம் தப்பு சார்."

"தப்புன்னா ஆய்வு தப்பு. சான்றிதழைக் கிழிச்சுடறேன். சரின்னா நீங்க வரலை. வராதவங்க ஆய்வேடு கொடுக்க முடியாது. எதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அவள் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் பாத்திருக்கேன்யா இந்தப் பொண்ணை" என்றாள் அக்கா. "ஆறு வருஷமா பாக்கறேன். எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கும். சில நாள் சாப்பிடக்கூட மறந்துடும்."

"உங்க கண்ணோட துல்லியம் எத்தனை சதவீதம்?" என்று கேட்டார் பதிவாளர். "யாராவது அளந்திருக்காங்களா?"

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "அற்புதமான தலைப்பு சார் இது. ஆறு வருஷத்துல முடிச்சுடலாம். புதுசாப் பதிவு பண்ணிக்கம்மா. அந்தக் கோட்டை எடு, விமானத்துக்கு நேரமாச்சு."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பதிவாளரும் அக்காவும் பின்னாலேயே போனார்கள். இந்தத் தடவை அவள் பூட்டு விழுவதற்குள் வெளியே ஓடி வந்துவிட்டாள். மறுநாள் முதல் அவளைத் துறையில் "முதல் வருஷம்" என்று அழைத்தார்கள்.

ஆய்வு அறைப் பதினொரு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பழைய துணிக்கடையில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு வாங்கினார்கள். அதை நடு நாற்காலியில் மாட்டினார்கள். அன்றிலிருந்து விளக்கு அணையவே இல்லை. கணினி அறிவியலில் இத்தனை எளிதாகப் பொருத்தக்கூடிய நடைமுறைத் தீர்வு அதற்கு முன் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள்.

"எங்கடி இருக்க?"

"ரூம்லதாம்மா."

"ஞாயித்துக்கிழமையுமா? கூட யாரு இருக்கா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். பத்துத் தலைகள் குனிந்திருந்தன. நடுவில் கோட்டு நிமிர்ந்திருந்தது.

"பத்துப் பேர் இருக்காங்கம்மா. ஒரு கோட்டும் இருக்கு. லைட்டு எரியறது கோட்டுக்காகத்தான்."

அம்மா சொன்னாள்:

"அப்ப நீ கிளம்பி வீட்டுக்கு வா. கோட்டு படிக்கட்டும்."

அவள் லேப்டாப்பை மூடினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசல் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "ஆள் உண்டு" என்றே ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் ஒருவர் எழுந்து வந்தார், இன்னொருவர் வந்தார். பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். பலகையில் எந்த மாற்றமும் இல்லை.

அந்த அறையில் ஆராய்ச்சி இன்றைக்கும் தங்குதடையின்றி நடைபெற்று வருகிறது. வருகைப்பதிவு நூறு சதவீதத்தைத் தொட்டிருப்பதாகவும், மாணவர்களிடமிருந்து இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை என்றும் பல்கலைக்கழகம் தன் ஆண்டறிக்கையில் பெருமிதத்துடன் தெரிவித்திருக்கிறது.