நாலாவது கோட்டு

"நல்லாப் பாடுறவன் வேணுமா, கோட்டு பொருந்துறவன் வேணுமா?" என்று அண்ணன் ஒருநாள் தங்கையிடம் கேட்டான்.

"கோட்டு," என்றாள், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள். அதில் ஒன்று செலவாகிவிட்டது.

அண்ணனின் கத்திப் பாடும் ஹெவி மெட்டல் இசைக்குழுவுக்கு நாலு தோல் கோட்டு தைத்திருந்தாள். மூன்று கச்சிதம். பாடகனுடைய கோட்டுதான் வம்பு செய்தது; பொருந்தாமல் பழைய பாடகன் விலகியே போய்விட்டான். தோலில் ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். பிரித்துத் தைக்க முடியாது.

"இது மட்டும் ஏன் இப்படி ஆச்சு?"

"அளவுச் சீட்டு தொலஞ்சுபோச்சு." மீதி மூன்றும் தீர்ந்தன.

ஒரே மாதிரி கோட்டில்லாமல் மேடை ஏறமாட்டேன் என்பது அண்ணனின் பிடிவாதம். இந்தப் போட்டியையும் கோட்டைவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதாக அப்பாவிடம் வேறு வாக்குக் கொடுத்திருந்தான்.

புதிதாகப் பாட வந்தவர்களில் முதல் ஆள் பேக்கரிக்காரன். கையைத் தூக்கிக் கத்தினான். அக்குளும் சேர்ந்து கத்தியது. அவனை அனுப்பிவிட்டு, கிழிசலை அவள் ஒட்டுப்போட்டாள்.

அடுத்து வந்தவர் முடிவெட்டுபவர். ஜிப் தொப்புளோடு நின்றது.

"மூச்சை இழுத்துப் பிடிங்கண்ணே!"

இழுத்தார். ஜிப் ஏறியது, குரல் இறங்கியது.

"மூச்சே விடாம எப்படித் தம்பி கத்துறது?" என்று அவரும் கிளம்பிவிட்டார்.

இதற்கு நடுவில் கீழ்வீட்டு அம்மா வேறு படியேறி வந்தார்.

"அந்த மோட்டார் மெஷினுக்கு எண்ணெய் போடும்மா. மத்தியானமெல்லாம் புலி மாதிரி உறுமுது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசியில் பேஸ் கிட்டார் வாசித்த ஒல்லிப்பிச்சானையே அண்ணன் பாடகனாக்கினான். காலியான கிட்டாருக்குத் தபால்காரர் வந்தார். ஒல்லியின் கோட்டு அவருக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது.

"பேஸ் வாசிப்பீங்களா?"

"நாலு கம்பிதானே தம்பி, பாத்துக்கலாம்."

ஒல்லிக்கோ ஜிப் ஏறியது, கை முழங்கையோடு நின்றுவிட்டது. போட்டியன்று மேடைக்குப் பின்னால் யாரோ சிரித்ததுதான் தாமதம், கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். கோட்டு மட்டும் கதவுக்கு மேலாகப் பறந்து வந்து அவள் மடியில் விழுந்தது.

ஒலிபெருக்கி இரண்டாம் முறையாகக் குழுவைக் கூப்பிட்டது.

"நாலு மாசமாத் தேடுறேன்!" அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "இந்தக் கோட்டு யாருக்குத்தான்டா பொருந்தும்?"

வேடிக்கை பார்க்க வந்திருந்த கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"உன் தங்கச்சி தன் அளவுக்குத்தானே தம்பி தைச்சிருக்கா? கரண்ட் போனப்பவும் அந்த மெஷின் உறுமுச்சே, அப்பவே நினைச்சேன், அது மெஷின் இல்லன்னு!"

அவள் கோட்டை மாட்டினாள். ஜிப் ஒரே இழுப்பில் கழுத்துவரை ஏறியது. அன்றைய நாலு வார்த்தையையும் மைக்குக்காகச் சேர்த்துவைத்தவள்போல, ஒன்றும் சொல்லாமல் மேடைப்படியில் ஏறிப் போனாள்.