கிருமியைக் கொன்ற வெறும் தண்ணீர்

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்கள் தவறு விடுவதில்லை என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்தப் பட்டியலை எதன்மேல் எழுத வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மணல் ஈ கடித்தால் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும் ஒட்டுண்ணி ஒன்று இருக்கிறது. அதற்கெதிரான புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் எனக்கு முதல் வேலை. இறக்காமத்து வயலில் யானைக் காவலுக்குப் போய்வந்த வாப்பாவின் முழங்கையிலும் அதே புண். வாராவாரம் புண்ணைச் சுற்றி ஊசி. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும், "உன்ட மருந்து எப்ப புள்ள வரும்?" என்பார். (நான்தான் கண்டுபிடிக்கிறேன் என்ற நினைப்பு அவருக்கு. எனக்கும்தான்.)

நான்கு மருந்துகள் தோற்றுவிட்டன. ஐந்தாவதும் தோற்றால் இந்த ஆய்வையே நிறுத்திவிடுவதாகப் பொறுப்பாளர் சேர் சொல்லியிருந்தார். சிறு குழிகள் நிறைந்த தட்டில் கிருமிகளை விட்டு, இடப்பக்கக் குழிகளில் மருந்தும் வலப்பக்கத்தில் வெறும் தண்ணீரும் சேர்த்தேன். எது எதுவென்று அழகான கையெழுத்தில் எழுதியும் வைத்தேன், மூடியின் மேல்.

மூன்றாம் நாள் மூடியில் ஆவி படிந்திருந்தது. கழற்றித் துடைத்துத் திரும்பவும் மூடிவிட்டு, நுணுக்குக்காட்டியில் எண்ணினேன். மருந்துக் குழிகளில் கிருமிகள் கல்யாண வீட்டுப் பிள்ளைகளைப் போல ஓடித் திரிந்தன. தண்ணீர்க் குழிகளில் ஒன்றுகூட அசையவில்லை.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அழுதேன்.

"தண்ணியிலயா செத்திச்சு?" என்றார் உம்மா. "ஓதின தண்ணியா மகள்?"

மறுநாள் கூட்டத்தில் தட்டின் படத்தைத் திரையில் போட்டு, மருந்து தோற்றதற்கு ஏழு காரணங்களை வரிசைப்படுத்தினேன். நாலாவதில் சேர் கையை உயர்த்தினார்.

"பிள்ளை, இது எந்தக் கிணத்துத் தண்ணி?"

"சுத்தமாக்கின தண்ணி சேர்."

"அப்ப ஏன் மஞ்சளா இரிக்கு?"

ஐந்தாவது மருந்தின் நிறம் மஞ்சள். கரைத்தவளே நான்தான். துடைத்த மூடியை இடம் வலமாக மாற்றிப் போட்டிருக்கிறேன்!

"சேர், மூடி மாறிட்டு! செத்தது மருந்துலதான்!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்களும் ஓடிவந்தார்கள்.

"மூணு தரம் திரும்பச் செய்ங்க," என்றார் சேர். "மூடியில எழுதாதீங்க."

அடியில் எழுதினேன், பக்கத்தில் எழுதினேன், என் கையிலும் எழுதினேன். மூன்று தரமும் மஞ்சள் குழிகளில் ஒரு கிருமிகூட மிஞ்சவில்லை. ஐந்தாவது மருந்து அடுத்த கட்டச் சோதனைக்குப் போனது. கொண்டுபோனவள் நான்.

(வாப்பாவின் புண் பழைய ஊசியிலேயே ஆறிவிட்டது. என் மருந்து மனிதருக்கு வர இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.)

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் வாப்பா தண்ணீர்க் கிளாஸை நீட்டிச் சொல்கிறார்: "பயப்படாமக் குடிங்க. கிருமி ஒண்டும் இரிக்காது. மகள் லெப்ல பாத்துட்டா."