கடைசியாகப் பேசியவர் கட்சி

நம் நாட்டில் கொடி வைத்த கட்சிகள் எத்தனையோ உண்டு. கொடி இல்லாமல், மாநாடு கூட்டாமல், வசூலுக்கு வராமல், வீட்டுக்கு ஓர் உறுப்பினரையாவது வைத்திருக்கிற கட்சி எது தெரியுமா? கடைசியாகப் பேசியவர் கட்சி. யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொன்னதுதான் சரி என்பது இதன் கொள்கை. வேறு கொள்கை கிடையாது.

இந்தக் கட்சிக்காரரை நீங்கள் அவசியம் பார்த்திருப்பீர்கள். ஜவுளிக்கடையில் நீலச் சட்டையை மார்போடு வைத்துப் பார்த்து, இதைவிட எடுப்பான நிறம் உலகத்தில் இல்லை என்பார். கடைக்காரர் பச்சையை உதறிப் போட்டு, இப்போது இதுதான் ஓடுகிறது என்றதும், நீலத்தை எவன் உடுத்துவான் என்று முகம் சுளிப்பார். பணம் கட்டுகிற இடத்தில் பின்னால் நிற்கிற முன்பின் தெரியாத ஒருவர், பச்சை சாயம் போகும் என்று கொட்டாவியோடு கொட்டாவியாகச் சொல்லிவைத்தால், வெறுங்கையோடு வெளியேறுவார். பிரானூர் பார்டர் ஓட்டலில் பரோட்டாவுக்கு நாட்டுக்கோழி சொல்லிவிட்டு, அடுத்த மேசைக்காரர் காடை கேட்டதும், சப்ளையரைத் துரத்திக்கொண்டு அடுப்படிவரை போவார். இவரை மதில்மேல் பூனை என்று சொல்லாதீர்கள். பூனைக்குத் தயக்கம் உண்டு. இவர் ஒரு பக்கம் முழுமனதோடு குதித்துவிட்டு, மறுபடி ஏறி, மறுபக்கமும் அதே முழுமனதோடு குதிக்கிறவர்.

பொய்யரா? அதுதான் இல்லை. பொய்யராக இருந்தால் நாம் பிழைத்துக்கொள்வோம். அவர் தலையாட்டுகிற ஒவ்வொரு ஆட்டமும் நெஞ்சிலிருந்து வருவது. சில சமயம் கண்கூடக் கலங்கும். அந்தக் கண்ணீரை நம்பி வேலையை விட்டவர்கள் உண்டு.

உதாரணம் காட்ட நான் தென்காசியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. குத்தாலிங்கம் அண்ணாச்சி இருக்கிறார். வீடு தென்காசியில், லாட்ஜ் குற்றாலத்தில். லாட்ஜுக்கு அவருடைய அம்மா ஆவுடையம்மாள் பெயர். குற்றாலத்து லாட்ஜ் என்றால் சாரல் அடிக்கிற மாதங்களில் மனிதர்கள் தங்குவார்கள், மற்ற மாதங்களில் குரங்குகள் தங்கும். போன சீசனில் பக்கத்து லாட்ஜ்களுக்கெல்லாம் ஆட்கள் செல்போனிலேயே அறை பிடித்துக்கொண்டு வேன் வேனாக வந்து இறங்க, ஆவுடையம்மாள் லாட்ஜில் சீசனிலும் குரங்கே தங்கியது. நீங்கள் ஆன்லைனில் இல்லவே இல்லையே என்று யாரோ சொன்னார்கள். உடனே ஆன்லைனுக்குப் போய்விடுவது என்று அண்ணாச்சி முடிவு செய்தார்.

முடிவு செய்தார் என்றா எழுதினேன்? பழக்கதோஷம், மன்னியுங்கள்.

இன்ஸ்டாகிராமில் ரீல் போடவும், கூகுளில் லாட்ஜை மேலே கொண்டுவரவும், விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நம் சொந்த ஆளா, வெளி ஏஜென்சியா? கேள்வி இவ்வளவுதான். பூவா தலையா என்று காசைச் சுண்டிப் போட்டுத் தீர்த்துவிடலாம். ஆனால் அண்ணாச்சி தலையைத்தான் வேறு வேலைக்கு வைத்திருக்கிறாரே.

முதலில் அவருடைய பழைய கூட்டாளி ஸ்டான்லி வந்தார். ஸ்டான்லியின் மகள் ஜெனி இதே வேலையைக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எப்சிபாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து, கட்டிலை விட்டு இறங்கவே ஒரு கை வேண்டியிருந்தது. மகள் ஊரோடு இருந்தால் தேவலை என்று ஸ்டான்லி சொன்னார். அன்றைக்கு அவர்தான் கடைசியாகப் பேசியவர். "வரச்சொல்லும்வே. நமக்கு நம்ம டீம்தான், வெளியாளு எதுக்கு?" என்று அண்ணாச்சி கண்கலங்கினார். ஜெனி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தாள். லாட்ஜில் ஒரு நாற்காலி கிடைத்தது. நாற்காலி நிலையாக நின்றது, வேலைதான் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டால் அவள் அம்மாவைக் கட்டிலில் விட்டுவிட்டு மறுபடியும் கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

வேலை ஏன் ஆடியது என்றால், அதற்குள் ஹுஸைஃபா வந்துவிட்டான். கடையநல்லூர்க்காரன், துபாயில் விளம்பரக் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி, திருநெல்வேலியில் சொந்தமாக ஏஜென்சி போட்டிருப்பவன். நல்ல பிள்ளை. பேச்சு பால்கோவா.

காலையில் ஜெனி பேசுவாள். குற்றாலத்துக்கு வர நினைக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான், தண்ணீர் விழுகிறதா என்று. உள்ளூர் ஆள் இருந்தால் கேட்ட நிமிடத்தில் அருவிக்கு ஓடி வீடியோ எடுத்துப் போடலாம் என்பாள். "திருநெல்வேலியில உக்காந்திருக்கவங்களுக்கு இங்கன மழையா வெயிலான்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்பாள். நியாயம்தானே? அண்ணாச்சி தலை ஆடும். சாயங்காலம் ஹுஸைஃபா வருவான். தன்னிடம் பத்துப் பேர் இருக்கிறார்கள், கேமரா இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒத்தப் பிள்ளய நம்பி இருந்தா, அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா உங்க லாட்ஜுக்கும் காய்ச்சல்லா அண்ணாச்சி?" என்பான். இதுவும் நியாயம்தானே? அதே தலை, அதே ஆட்டம்.

ஜெனி ஒரு நாள் தாங்கமாட்டாமல் அண்ணாச்சியின் மனைவி குழல்வாய்மொழியிடம் போய் அழுதாள். அந்த அம்மாள் அலுங்காமல் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் எல்லா முடிவும் விளக்கணைக்கிற நேரத்தில், இந்த அம்மாள் சொல்கிற ஒரு வார்த்தையில்தான் நடக்கிறது. ஆனால் லாட்ஜ் விஷயத்தில் தலையிடுவதில்லை என்று சபதம். "ஏட்டி, அவுககிட்ட நீ என்ன சொல்லுதங்கறது முக்கியமில்ல. எப்பம் சொல்லுதங்கறதுதான் முக்கியம்" என்றார்.

அவ்வளவுதான், போட்டி தலைகீழானது. அதுவரை முந்திக்கொண்டு பேசியவள் பிந்திக்கொள்ள ஆரம்பித்தாள். ஹுஸைஃபா மட்டும் மடையனா? வியாபாரி, அவனுக்கும் பிடிபட்டுவிட்டது. லாட்ஜ் வரவேற்பறையில் இருவரும் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் முதலில் போங்கள், பரவாயில்லை நீங்கள் போங்கள் என்று உபசாரம் செய்துகொண்டதைப் பார்த்தவர்கள், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பண்பா என்று வியந்து போனார்கள். ஹுஸைஃபா விடைபெற்றுக்கொண்டு காரில் மேலகரம்வரை போய், ஜெனி கிளம்பிவிட்டாள் என்று தெரிந்ததும் திரும்பி வந்து, குடையை மறந்துவிட்டேன் என்பான். குடை அவன் கையில் இருக்கும். அவன் போன பிறகு ஜெனி போன் போட்டு, சாப்பிட்டாச்சா என்று ஆரம்பிப்பாள். அவள் வைத்ததும் அவன் போடுவான். அண்ணாச்சிக்கோ பரம சந்தோஷம். தன்மேல் ஊருக்கே இவ்வளவு பிரியமா என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். இதற்குள் மலையில் மேகம் இறங்கிச் சாரல் தொடங்கிவிட்டது. அண்ணாச்சிதான் இன்னும் தொடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு முடிவு சொல்லப்போவதாக அறிவித்தார். கூட்டம் பார்க்க நானும் போயிருந்தேன். எண்ணெய் தேய்க்கிற நல்லகண்ணுவின் கையில் அண்ணாச்சி குப்புறக் கிடக்க, இடப்பக்கம் ஜெனி, வலப்பக்கம் ஹுஸைஃபா. இருவரும் பேசினார்கள். முடித்தவர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். பேசின பக்கமெல்லாம் எண்ணெய்த்தலை திரும்பித் திரும்பி ஆடியதில் நல்லகண்ணுவுக்குத்தான் பிடி வழுக்கியது. அண்ணாச்சி எழுந்து அருவிக்கு நடந்தார். ஆண்கள் குளிக்கிற பக்கம் ஜெனி போக முடியாது. ஷூவும் இஸ்திரிச் சட்டையுமாக வந்த ஹுஸைஃபா நனைய முடியாது. அருவிக்கடியில் போய்விட்டால் இரைச்சலில் பிரம்மா வந்து பேசினாலும் கேட்காது. எண்ணெய் உடம்பு வழுக்கிவிடாமல் கைபிடித்து அருவி விளிம்புவரை கொண்டுபோய் விட்டது யார்?

நல்லகண்ணு.

குளித்துவிட்டு வந்த அண்ணாச்சி, நீர் சொட்டச் சொட்ட, முகம் நிறையத் தெளிவோடு சொன்னார்: "எதுக்குவே இந்த ஆன்லைன் எல்லாம்? பஸ் ஸ்டாண்டு பக்கம் பெருசா ஒரு போர்டு வச்சா முடிஞ்சிட்டு." நல்லகண்ணுவின் மச்சான் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். ஹுஸைஃபா சிரித்தான், பாவம், வேறென்ன செய்வான். ஜெனியால் சிரிக்க முடியவில்லை.

லாட்ஜுக்குத் திரும்பியதும் அவள் அண்ணாச்சியின் எதிரில் நின்று, முதல்முறையாக, ரீலையும் கூகுளையும் விட்டுவிட்டுப் பேசினாள். "உங்க ஒரு சொல்ல நம்பி வேலைய விட்டுட்டு வந்தேன் அண்ணாச்சி. இப்பம் போகச் சொன்னா அம்மாவ யாரு தூக்கி உக்கார வைப்பா?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை, நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணாச்சி மேசையைத் தட்டி, நம்ம லாட்ஜுக்கு நம்ம டீம்தான் வேணும், நம்ம மழை நம்ம பிள்ளைக்குத்தான் தெரியும், போர்டு வச்சவன் வாசலுக்கு எவன் வருவான், இதுதான் முடிவு என்று ஆவேசமாக முழங்கினார். ஜெனி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைக்காத கையில் செல்போன் பதிவு செய்துகொண்டிருந்தது.

மறுநாள் ஃபிளெக்ஸ்காரர் மாதிரிப் படத்தோடு வந்து இறங்கினார். அரைமணி நேரத்தில் அண்ணாச்சி போர்டுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டார். ஜெனி எழுந்து வந்தாள். ஒருவர் வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருக்கிறார், கேட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்லிப் போனை அவர் காதருகே வைத்தாள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்கத் தலை மெல்ல ஆட ஆரம்பித்தது. மேசையைத் தட்டுகிற இடம் வந்ததும் இவரும் மேசையைத் தட்டினார்.

"யாரு ஜெனி இது? எவ்வளவு தெளிவாச் சொல்லுதாரு. விஷயம் தெரிஞ்ச ஆளு" என்றார்.

"நம்ம ஊர்க்காரர்தான் அண்ணாச்சி" என்றாள் ஜெனி.

ஃபிளெக்ஸ்காரர் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். ஆயுசு முழுக்க அடுத்தவர் சொன்னதற்கெல்லாம் ஆடிய அந்தத் தலை, கடைசியில் தான் சொன்னதற்கே ஆடியது. அன்றிலிருந்து யார் வந்து என்ன பேசிவிட்டுப் போனாலும், வந்தவர் செருப்பை மாட்டுகிற நேரத்தில் அண்ணாச்சியின் போன் சிணுங்குகிறது, அதே குரல். அந்த ஊர்க்காரரை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட அழைக்க வேண்டும் என்று அண்ணாச்சி ஆசைப்படுகிறார். குழல்வாய்மொழி அம்மாள் சோறு பரிமாறும்போது அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தினமும்தான் சாப்பிடுகிறார் என்று சொல்லி வைத்திருக்கிறார். லாட்ஜில் இப்போது மனிதர்கள் தங்குகிறார்கள். குரங்குகளுக்கு மொட்டைமாடி. எப்சிபா சுவரைப் பிடித்து வாசல்வரை நடக்கிறார். ஹுஸைஃபா அருவியில் வெள்ளம் பெருகுகிற நாட்களில் ட்ரோனோடு வந்து படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். போகும்போது, தன்னிடமும் இப்படி நாலு முதலாளிகள் இருக்கிறார்கள், அந்த வித்தையைக் கொஞ்சம் சொல்லிக்கொடு என்று ஜெனியிடம் கேட்டிருக்கிறான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நான் அந்தக் கட்சி இல்லையப்பா என்று நெஞ்சை நிமிர்த்துகிறீர்கள். ரொம்ப நல்லது. ஆனால் ஜெனி பேசியபோது, ஆமாம், சொந்த ஆள்தான் சரி என்று தலையாட்டினீர்களே, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த வரியில் ஹுஸைஃபாவுக்கும் ஆட்டினீர்கள். போர்டு என்றபோதுகூட, அதிலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்று லேசாக ஓர் ஆட்டம் வந்ததே. இப்போது எனக்கு ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆட்டுங்கள், தப்பில்லை. இதை மூடி வைத்த பிறகு மட்டும், தயவுசெய்து, கொஞ்ச நேரத்துக்கு யாரோடும் பேசாதீர்கள்.