மிதித்தால்தான் குத்தும்

“வாடா ராசா, வா வா” என்று மனைவி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கொஞ்சியதைக் கேட்டு, படகில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக், “இதோ வரேன்” என்று எழுந்தே விட்டார். பிறகுதான் அழைப்பு தனக்கில்லை என்பது புரிந்தது.

அவள் கூப்பிட்டது ஒரு திருக்கை மீனை. விரித்த குடை அகலத்துக்கு உடம்பு, பின்னால் சாட்டை மாதிரி ஒரு வால். கடல் நடுவே இருந்த அந்த மணல்திட்டில் அது சாவகாசமாக வந்து, அவள் முழங்காலை உரசிக்கொண்டு போனது. பட்டு மாதிரி இருக்கிறான் என்று அவள் மகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

மெக்கானிக்குக் காது வரை எரிந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ‘ஏங்க’ தவிர வேறு பெயர் அவருக்குக் கிடைத்ததில்லை. புதுசில் ஒரே ஒரு தடவை ‘ரா’ என்று ஆரம்பித்தாள். அது ‘ராத்திரிக்குப் பால் வாங்கலையா’ என்று முடிந்தது.

மூன்று வருஷமாக விடுப்பு சேர்த்துவைத்து இந்தச் சுற்றுலாவுக்குக் கிளம்பியதே, ஒரு வாரமாவது அவள் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவாள் என்ற ஆசையில்தான். இப்போது அவள் பார்ப்பது மூஞ்சியே சரியாகத் தெரியாத ஒரு மீனை. கண்ணு மேலே, வாய் வயிற்றுப் பக்கம். இதற்குப் போய் ராசாவாம்.

மனுஷன் நேரடியாகச் சண்டை போடுகிற ஆள் இல்லை. லிஃப்ட் கதவைத் திறக்கும் முன் மின்சாரம் போய்விட்டதா என்று மூன்று தடவை பார்க்கிறவர். அதனால் பாதுகாப்பு என்ற வழியில் போனார். அதன் வாலில் விஷமுள் இருக்கிறது, குத்தினால் பெரிய ஆபத்து, உடனே மேலே ஏறு என்றார். போதாததற்குப் படகுக்காரரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

படகுக்காரர் கேட்டாலொழிய வாயைத் திறக்காதவர். கேட்டதால் சொன்னார். முள் இருப்பது உண்மைதான், விஷமும் உண்மைதான். ஆனால் அதைப் பிடிக்கக் கூடாது, வழியை மறிக்கக் கூடாது, முக்கியமாக மிதிக்கக் கூடாது. காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்து நடந்தால், ஆள் வருவது தெரிந்து அதுவே விலகிப் போய்விடும்.

“கேட்டீங்களா?” என்றாள் மனைவி. “மிதிச்சாதான் குத்துமாம். நீங்க மிதிக்காமலே குத்துவீங்க.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பழி போதாதென்று மறுநாளுக்கும் அதே படகைப் பேசிவிட்டாள் மனைவி. அவள் வேலை பார்ப்பது பல் மருத்துவமனை வரவேற்பறையில். நாள் முழுக்க முனகுகிறவர்களையே பார்க்கிறாளாம். சத்தம் போடாமல் வந்து சத்தம் போடாமல் போகிற ஒருத்தனை இப்போதுதான் பார்க்கிறாளாம்.

அறைக்குத் திரும்பியதும் மெக்கானிக் யோசித்தார். தேய்த்து நடந்தால் விலகிப் போகும் என்றுதானே படகுக்காரர் சொன்னார்? அப்படியானால் நன்றாகத் தேய்த்தால் நன்றாகவே போய்விடும். முள்ளை முள்ளால் எடுப்போம் என்று முடிவு கட்டி, தடித்த ரப்பர் காலணி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் தண்ணீரில் இறங்கியவர் மனைவியை விட்டு ஓர் அடி நகரவில்லை. அவளைச் சுற்றிச் சுற்றி, உழவு மாடு மாதிரி காலை இழுத்துக்கொண்டே நடந்தார். தண்ணீர் கலங்கிக் குழம்பாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் கிடந்த திருக்கைகளெல்லாம் அலறியடித்துக்கொண்டு ஓடின. அந்த ஒன்று மட்டும் ஓடவில்லை. கலங்கலுக்குள்ளிருந்து ஒய்யாரமாக வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தது.

“ராசா வந்துட்டான்!” என்றாள் மனைவி.

இவர் இன்னும் வேகமாகத் தேய்த்தார். அது இன்னும் நெருங்கி வந்தது. இடம் மாற்றிப் பார்ப்போம் என்று மனைவியின் கையைப் பிடித்துத் திட்டின் மறுகோடி வரை இழுத்துப் போனார், அதுவும் காலைத் தேய்த்தபடியே. பின்னாலேயே அதுவும் வந்துவிட்டது. “அப்பா, கிணறு தோண்டுறீங்களா?” என்று மகள் விசாரித்தாள். படகுக்காரர், “சார், ரொம்பத் தேய்க்காதீங்க” என்று ஏதோ சொல்ல வந்தார். எனக்கும் விதி தெரியும் என்று இவர் அவர் வாயை அடைத்துவிட்டார்.

நான் எங்கே போனாலும் தேடி வருகிறான் பாருங்கள் என்று மனைவி பூரித்துப்போனாள். மெக்கானிக்குக் கால் வலியைவிட வயிற்றெரிச்சல்தான் தாங்கவில்லை. ஒரு மீனோடு மல்லுக்கட்டித் தோற்றேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாம் நாள் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ஒரு சுற்றுச் சுற்றியதும் காலைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, குத்திடுச்சு” என்று கத்தினார். இனி அவள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள், தன் காலடியிலேயே இருப்பாள் என்பது கணக்கு.

கணக்கில் வெந்நீர் வரவில்லை. திருக்கை குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைக்க வேண்டுமாம், அதுதான் முதலுதவியாம். படகுக்காரர் பெரிய பிளாஸ்கோடு தயாராக இருந்தார். அவர் கைக்குப் பொறுத்த சூடு இவர் காலுக்குப் பொறுக்கவில்லை. குத்தாத காலுக்கு அன்று நிஜமாகவே வேதனை வந்தது. முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், கரைக்குப் போனதும் ஆஸ்பத்திரியில் கீறிப் பார்க்கச் சொல்லலாம் என்று படகுக்காரர் சொன்னதும் மெக்கானிக்குக் குப்பென்று வியர்த்தது.

மனைவி பதறிப்போய் அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துத் தடவினாள். சூட்டையும் மறந்து அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. அது ஒரு நிமிஷம்தான் நீடித்தது.

“மிதிச்சாதானே குத்தும்?” என்றாள் அவள் மெதுவாக. “நீங்க அவனை மிதிச்சிட்டீங்களா?”

அவர் பாதத்தை மெல்ல இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

“வாயில்லாத ஜீவனைப் போய் மிதிச்சிருக்கீங்களே. அவனுக்கு என்ன ஆச்சோ” என்று அவள் கண் கலங்கிப் படகின் விளிம்புக்குப் போய்த் தண்ணீரைத் துழாவிப் பார்த்தாள். பாதம் பலகையில் அநாதையாகக் கிடந்தது. மகள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காயமே இல்லை, காலணியில்கூட ஓட்டை இல்லை என்று அறிவித்தாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? “யாரும் குத்தல. நானும் மிதிக்கல. பொறாமை, போதுமா?” என்றார் மெக்கானிக். “பன்னிரண்டு வருஷத்துல என்னை ஒரு நாளாவது ராசானு கூப்பிட்டிருக்கியா? ஒரு மீனைப் போய்க் கூப்பிடுறியே.”

மனைவி அவரையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, மறுபடியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சிவந்திருந்த பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மெக்கானிக்குக் கண் கரித்தது. வந்த காரியம் இப்படியாவது கைகூடியதே என்று நினைத்துக்கொண்டார்.

“ஒரு மீன்மேல போய்ப் பொறாமையா?” என்றாள் அவள். “என்னைப் பாருங்க. எவளாவது ஒருத்தி ரெண்டு நாள் உங்க பின்னாடியே சுத்தினாலும் நான் கண்டுக்கவே மாட்டேன். நம்பிக்கைன்னா அப்படி இருக்கணும்.”

படகுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அக்கா, அது ராசா இல்ல, ராணி, சார் காலைத் தேய்ச்சுக் கிளப்பிவிடுற நண்டைத் தின்னுக்கிட்டு ரெண்டு நாளா அவர் பின்னாடியேதான் சுத்துது.”