ஆறு டன் ஓசிப் பயணம்

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை முதலில் உணர்வது எது என்று அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். இனி விவாதம் வேண்டாம். முதலில் உணர்வது இடுப்பு. அரசுப் படகுப் போக்குவரத்துக் கழகம் முன்னேறத் தொடங்கிய அன்று, அதன் ஆற்றுப் படகை ஓட்டும் சுக்கானியின் இடுப்பில் அந்த முன்னேற்றம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் உட்கார முடியவில்லை. இரண்டு நாளாக அவரும் படகாட்கள் மூவரும் படகின் அடிவயிற்றிலிருந்து கல் தூக்கிக் கரையில் போட்டிருந்தார்கள். ஆறு டன் கல். உள்ளங்கையில் தோல் இருந்த இடத்தில் இப்போது எரிச்சல் இருந்தது.

இந்த முன்னேற்றத்தைக் கொண்டுவந்தவர் கழகத்தின் புதிய தலைவர். அமைச்சரின் சம்பந்தி. இதை ஒரு குறையாகச் சொல்லிவிடக் கூடாது. பெண்ணையே கொடுத்தவருக்கு ஒரு படகைக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டால் எவருக்கும் பதில் வராது. மேலும் அவருக்குப் போக்குவரத்தில் பழுத்த அனுபவம் உண்டு; லாரி வைத்திருந்தார். லாரிக்கும் படகுக்கும் இடையில் இருக்கும் ஒரே வேறுபாடு தண்ணீர், அதைக் கவனிக்க ஓர் ஆளைப் போட்டுவிட்டால் வேறுபாடு தீர்ந்தது என்பது அவர் கொள்கை. போட்டார். அமைச்சர் வீட்டுக் கார் டிரைவரின் மைத்துனர் ‘தண்ணீர் ஆலோசகர்’ ஆனார். பிறகு அலைக்கு ஒருவர், காற்றுக்கு ஒருவர், காற்றில்லாத நாளுக்கு ஒருவர் என்று ஆலோசகர்கள் அறுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். பாதுகாப்பு இயக்குநராக வந்தவர் கட்சிக் கூட்டங்களுக்கு மேடை போட்டுக்கொண்டிருந்தவர். அவர் போட்ட மேடை ஒன்றுகூட இதுவரை மூழ்கியதில்லை.

தலைவர் முதன்முதலாகப் படகைப் பார்வையிட வந்தபோது மேல்தளத்தைப் பார்த்தார், திருப்தி. எஞ்சினைப் பார்த்தார், காதைப் பொத்திக்கொண்டு திருப்தி. பிறகு தரையில் இருந்த இரும்புக் கதவைத் திறக்கச் சொல்லி, ஒற்றை ஏணிக்குக் கீழே இருட்டில் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"கல்லுங்கய்யா."

"யாரு கல்லு?"

"படகு கல்லுதாங்கய்யா. அடிபாரம்."

"எங்க இறக்கணும்?"

"இறக்கறதில்லைங்க. அது பாட்டுக்கு அங்கயே கெடக்கும்."

"அப்ப அக்கரைக்குப் போவுது, இக்கரைக்கு வருது. டெய்லி."

"ஆமாங்க."

"வாடகை யாரு குடுக்கறா?"

சுக்கானிக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கு மட்டுமல்ல, படகு கட்டப்பட்ட நாளிலிருந்து யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. யாரும் கேட்டதே இல்லை. தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"படகு கட்டுன நாள்லேந்து ஆறு டன் சரக்கு ஓசியில போய்ட்டு வந்துருக்கு. என் லாரியில ஒரு செங்கல்லு எக்ஸ்ட்ராவா இருந்தாலே டிரைவரத் தொலைச்சிருவேன். என்னய்யா கழகம் நடத்துனீங்க?"

"அது இல்லேன்னா படகு ஆடுங்கய்யா. அடியில கனம் இருந்தாத்தான்..."

"காலி வண்டிதான்யா நல்லா மைலேஜ் குடுக்கும். தூக்கு எல்லாத்தையும்."

தூக்கினார்கள். கழகத்தின் வரலாற்றில் ஓசிப் பயணம் ஒழிக்கப்பட்ட நாள் என்று அதைப் பற்றிப் பித்தளையில் ஒரு பலகை செய்து துறையில் மாட்டினார்கள். பலகையைத் திறந்து வைக்க வந்த அறுபது ஆலோசகர்களும் படகில் இலவசமாகவே வந்து போனார்கள்.

கல் போன படகு, பாரம் இறங்கிய மாடு போலத் துள்ளியது. ஆட்கள் ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கம் படுத்தது. யாராவது பலமாகத் தும்மினால் மறுபக்கம் யோசித்தது. சுக்கானி சக்கரத்தைக் கட்டிப்பிடித்து ஓட்டினார். இடுப்பு அவரைத் திட்டியது.

அக்கரையில் பிஸ்கட் தொழிற்சாலை. சாயங்கால ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் அத்தனை பேரும் இந்தப் படகில்தான் வீடு திரும்ப வேண்டும். அவர்களில் சுக்கானியின் மனைவியும் ஒருத்தி. பெட்டி ஒட்டும் பிரிவில் வேலை. அன்றிரவு அவர் முதுகில் சுடுதண்ணீர்த் துணியை வைத்து அமுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இன்னிக்கு படகு அப்படி சாஞ்சுதே, நீங்க ஓட்டுன லட்சணமா, இல்ல படகு லட்சணமா?"

"கல்ல எடுத்துட்டாங்கல்ல. அதான்."

"எடுத்தது யாரு?"

"நாந்தான். அவரு சொன்னாரு, எடுத்தேன்."

"நல்லா எடுத்தீங்க. மாவுப் பிரிவு அக்கா வாந்தி எடுத்துருச்சு. எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"நம்ம ஷிப்ட்ல ஒருத்திக்கும் தெரியாது. அடுத்த வாரத்துலேந்து காத்துக்காலம். அதையும் உங்க சம்பந்திகிட்ட சொல்லுங்க."

"என் சம்பந்தியா அவரு?"

"கல்ல எடுத்துக் குடுத்தீங்களே, அப்புறமென்ன, ஒறவுதான்." இடுப்பில் நன்றாக ஒரு அமுக்கு அமுக்கினாள். அவர் "ஐயோ" என்றார். அவள் துணியைப் பிழிந்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

சுக்கானிக்குத் தூக்கம் வரவில்லை. பாலத்தைச் சுற்றிப் பஸ்ஸில் போகச் சொல்லலாம். பாதிச் சம்பளம் அதற்கே போய்விடும். படகை ஓட்ட மாட்டேன் என்று சொல்லலாம். தலைவரிடம் வேலையில்லாத லாரி டிரைவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் சுக்கானைத் திருப்பிவிட்டு பிரேக் எங்கே என்று தேடுவான். காற்று வருவதற்குள் கல் திரும்பி வர வேண்டும். வேறு வழியில்லை.

தலைமை அலுவலகத்துக்குப் போனார். வாசலில் அகலமான புதுப் படிக்கட்டு. கூட்ட அறையில் அவருக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்ததும் ஒரு வாரத்தில் முதல்முறையாக இடுப்புக்கு இதமாக இருந்தது. கையால் தடவிப் பார்த்தார். ஆரஞ்சு நிறம், வார், கொக்கி. படகிலிருந்து காணாமல் போன லைஃப் ஜாக்கெட். அறை முழுவதும் நாற்காலிக்கு ஒன்று.

"இது படகுல இருக்க வேண்டியதாச்சே சார்."

பாதுகாப்பு இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "படகுல இருந்தா நனைஞ்சிரும். நனைஞ்சா கெட்டுரும். பாதுகாப்பா இங்க வச்சிருக்கோம்."

"கல்லாவது குடுங்க சார். படகு ரொம்ப சாயுது."

"மேடை சாஞ்சா நாங்களும் அடியில ஒரு கல்லு வைப்போம்தான்."

"அதத்தாங்க நானும் சொல்றேன்."

"ஆனா மேடை நிக்கறது. நிக்கறதுக்குக் கல்லு வேணும். படகு போறது. போறதுக்கு எதுக்குக் கல்லு?"

அறுபது தலைகள் ஆடின. இதைக் குறித்துக்கொள்ளும்படி தலைவர் சொன்னார்.

"கல்லு எங்க இருக்குன்னு சொன்னாப் போதுங்கய்யா. நாங்களே தூக்கிக்கறோம்" என்றார் சுக்கானி.

"நீ ஏறி வந்தியே, எதுல ஏறி வந்தே?" என்றார் தலைவர்.

வாசல் படிக்கட்டு. ஆலோசகர்கள் பெருகிவிட்டதால் பழைய படி போதவில்லையாம்.

ஆனாலும் தொழிலாளியின் குரலுக்குச் செவிசாய்ப்பது கழகத்தின் மரபு. உடனே அங்கேயே ஒரு குழு அமைத்து, தேநீர் குடித்து, குழு ஏகமனதாக முடிவெடுத்தது. படகு சாய்கிறது என்பது பொதுமக்களிடையே பீதி கிளப்பும் பேச்சு. இனிமேல் அதை ‘இருபுற நெகிழ்வு’ என்றே குறிப்பிட வேண்டும். பழைய சொல்லைப் பயன்படுத்திய குற்றத்துக்காகச் சுக்கானியிடம் விளக்கம் கேட்கப்படும். அவர் அந்தப் படிகளில் இறங்கி வந்தார். ஒவ்வொரு கல்லையும் அவர் இடுப்புக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

காற்றுக்காலம் தொடங்கிய அன்றே கழகம் ‘பாதுகாப்பு வார’த்தையும் தொடங்கியது. தலைவரும் ஆலோசகர்களும் காரில் பாலத்தைச் சுற்றி அக்கரைக்கு வந்து, மாலைப் படகில் மக்களோடு மக்களாக ஆற்றைக் கடந்து, இக்கரையில் காத்திருக்கும் பேண்டு வாத்தியத்துக்கு நடுவே இறங்குவதாக ஏற்பாடு. சுக்கானி வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்திருந்தது. ஷிப்ட் முடிந்து பெண்கள் ஏறுபலகை வழியாகப் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மனைவி போகிற போக்கில், "நெகிழ்வா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னால் ஆலோசகர்கள் வந்தார்கள். சுக்கானி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நியமனத்துக்குப் பிறகு எல்லோருமே நன்றாகச் சதை பிடித்திருந்தார்கள். பதவி உடம்பில் ஒட்டும் என்பார்கள். இங்கே வயிற்றில் ஒட்டியிருந்தது. அவர் மனத்துக்குள் ஒரு கூட்டல் போட்டார்.

"ஐயா, உங்களுக்கெல்லாம் கீழ்த்தளத்துல எடம் போட்டுருக்கு" என்றார் பணிவாக.

"மேல என்ன?"

"மேல பொதுமக்கள்ங்க. காத்தடிக்கும், தலைமுடி கலைஞ்சிரும். கீழதான் விஐபி."

விஐபி என்ற சொல் காதில் விழுந்ததும் தண்ணீர் ஆலோசகர் மற்றவர்களை இடித்துக்கொண்டு முதலில் இரும்புக் கதவுக்குள் ஏணியில் இறங்கினார். தனக்கு முன்னால் அவர் இறங்குவதா என்று அலை ஆலோசகர் அவர் தோளிலேயே காலை வைத்து இறங்கினார். தலைவரும் இறங்கினார். இருட்டாக இருந்தாலும், யாருக்கும் கிடைக்காத இடம் என்பதால் எல்லோரும் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள்.

படகு கிளம்பியது. காற்று பக்கவாட்டில் அறைந்தது. படகு ஒரு முறை உடம்பைக் குலுக்கிவிட்டு, கோடு போட்டது போல் நேராகப் போனது. சுக்கானியின் கைக்குள் சக்கரம் பழைய சக்கரமாக ஆகியிருந்தது. மாவுப் பிரிவு அக்கா வாந்தி எடுக்கவில்லை. நியமிக்கப்பட்ட நாளிலிருந்து ஆலோசகர்கள் பாதுகாப்புக்கு ஆற்றிய முதல் தொண்டு அது. உட்கார்ந்தே ஆற்றினார்கள்.

நடு ஆற்றில் போட்டோக்காரர் கெடுத்தார். "தலைவரே, மேல வாங்க, வெளிச்சம் போகுது" என்று கதவுக்குள் குனிந்து கூப்பிட்டார். தலைவர் வலப்பக்கக் கம்பியில் கை வைத்து, தூரத்தை நோக்கி நின்றார். போட்டோ என்றதும் அடியில் ஒருவரும் தங்கவில்லை. அறுபது பேரும் ஏறி வந்து தலைவரின் பக்கத்தில் நிற்க முண்டினார்கள். பக்கம் என்றால் ஒரே பக்கம்.

படகு படுத்தது. வலப்பக்கக் கம்பி தண்ணீரைத் தொட்டது. சாப்பாட்டுத் தூக்குகள் உருண்டோடி ஆற்றில் விழுந்தன. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். சுக்கானியின் மனைவி ‘உயிர் காக்கும் உடுப்பு’ என்று எழுதியிருந்த பெட்டியைத் திறந்தாள். அதற்குள் பாதுகாப்பு வார அழைப்பிதழ்கள் இருந்தன. அவள் பெட்டியை மூடிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

இடப்பக்கம் போங்கள் என்று கத்தினால் எவனும் போகமாட்டான் என்பது சுக்கானிக்குத் தெரியும். தலைவர் வலப்பக்கம் நிற்கிறார். சுக்கானி ஒலிபெருக்கியை எடுத்தார்.

"ஆலோசகர்கள் கவனத்துக்கு. பதவி நீட்டிப்பு யார் யாருக்குன்னு கீழ படிக்கறாங்க. கீழ இல்லாதவங்க பேர அடிச்சிருவாங்களாம்."

ஒரு நொடியில் தலைவர் தனியாக நின்றார். அறுபது பேரும் ஏணியை மறந்து கதவு வழியாகவே குதித்தார்கள். அடியில் தொப்புத் தொப்பென்று விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் படகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கடைசி ஆள் விழுந்தபோது முழுதாக நிமிர்ந்து நின்றது. தன் நீட்டிப்பைப் பற்றி நினைவு வந்தோ என்னவோ, தலைவரும் பின்னாலேயே இறங்கிவிட்டார்.

கரை வந்தபோது பேண்டு வாசித்தது. மனைவி இறங்கும்போது அவர் கையை ஒரு தரம் இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவருக்கு இடுப்பு வலிக்கவே இல்லை.

மறுநாள் தலைவர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். கல் வந்துவிடும் என்று சுக்கானி நம்பிப் போனார்.

"நேத்து கவனிச்சேன்யா. கீழ ஆள் உக்காந்தா படகு நேராப் போவுது."

"அதாங்கய்யா, கல்லு இருந்தா..."

"கல்லு எதுக்கு? ஆள் இருக்கே. எங்க ஆளுங்கள டெய்லி அனுப்ப முடியாது, அவங்களுக்கு ஆபீஸ் வேலை. அந்த பிஸ்கட் பொம்பளைங்க டெய்லி வர்றாங்கல்ல. கீழ உக்கார வை."

"அது ஆளு உக்கார்ற எடம் இல்லைங்கய்யா."

"நேத்து என்னை உக்கார வச்சியே."

சுக்கானி தன் வாயைத் தடவிக்கொண்டார். விஐபி என்று சொன்ன வாய் அவருடையதுதான். ஒரு வாரத்தில் ஆணை வந்தது. ‘மகளிர் கீழ்த்தளச் சிறப்புப் பயணத் திட்டம்’ என்று பெயர். பாதுகாப்பில் காட்டிய புதுமைக்காகத் தலைவருக்கு அரசு விருது கொடுத்தது.

முதல் நாள் இரும்புக் கதவருகே மனைவி நின்றாள். "இனிமே நாங்கதான் கல்லா?" என்றாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் சுக்கானி.

அவள் டிக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். மற்றவர்கள் அவள் பின்னால் இறங்கினார்கள்.

தலைவரின் தொலைநோக்கு இன்று நிறைவேறிவிட்டது. படகின் அடிவயிற்றில் இப்போது ஓசிப் பயணம் இல்லை. காற்றடிக்கும் மாலைகளில் எழுபது, எண்பது பெண்கள் முழு டிக்கெட் எடுத்து, ஒற்றை ஏணியில் இறங்கி, இருட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருகிறார்கள். தண்ணீர் புகுந்தால் முதலில் அங்கேதான் புகும். ஏணியில் ஒரு தடவைக்கு ஓர் ஆள்தான் ஏற முடியும். கழகம் இந்தப் பெண்களுக்கு ஆறு டன் கல் பாக்கி வைத்திருக்கிறது. இன்றுவரை ஒரு கல்கூடத் திரும்பவில்லை.