இரண்டாவது கதிரை

அடுப்புக்குள் ஒரு விரால் மீன் கிடந்தது. உயிரோடு கிடந்தது.

பழனியாண்டி அதைப் பார்த்தான். அதுவும் வாயைத் திறந்து மூடி அவனைப் பார்த்தது. கார்த்திகை மழை கிடுகுக் கூரையில் அறைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.

“மீனு வீடு தேடி வந்திருக்கு. ஆக்கத்தான் அடுப்பு இல்ல,” என்றாள் மனைவி மாரியாயி, அரிசிப் பெட்டியைத் தலையில் வைத்தபடி.

“பேசாம இரு. ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். தண்ணின்னா ஓடத்தானே செய்யும்?”

அவன் பிறந்தது பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். மலையில் தண்ணீர் ஓடும், விழும், ஆளையே இழுத்துக்கொண்டும் போகும். ஓர் இடத்தில் உட்காராது. ஆனி மாதம்தான் வவுனியாவுக்கு வந்திருந்தான். அவன் பாட்டனும் அப்பனும் தோட்டம் கொடுத்த லயத்து அறையில் பிறந்து, லயத்திலேயே செத்தவர்கள். செத்த பிறகு படுத்த மண்கூட அவர்களுடையதில்லை. “இது என் மண்” என்று சொல்லி ஒரு தென்னம்பிள்ளை வைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் ஆசை. மாரியாயியின் தாலியைத் தவிர மற்றதெல்லாம் கொடுத்து, ஆவணி வெயிலில், நெளுக்குளத்துக்கு அப்பால் இந்தக் காணியை வாங்கினான்.

காட்டியவர் தரகர் சிற்றம்பலம். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கமக்கட்டில் குடை.

“பார் பழனியாண்டி, மேசை மாதிரிச் சமதரை. ஒரு கல்லு இல்லை, ஒரு புத்து இல்லை. நிழலுக்கு அங்காலை மருதமரம். அந்தா, அந்தத் திட்டி பழைய றோட்டு. காத்துக்கும் மறைப்பு.”

அன்றைக்கே வைத்த தென்னம்பிள்ளை இப்போது தண்ணீருக்கு மேல் மூன்று ஓலையை நீட்டிக்கொண்டு நின்றது.

மழை விட்டதும் பழனியாண்டி மண்வெட்டியோடு போய்ப் பழைய றோட்டை வெட்டினான். ஒரு வாய்க்கால் போட்டால் தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கிவிடும் என்று நினைத்தான். நாலு வெட்டு வெட்டியிருப்பான். அந்தப் பக்கத்து வயலுக்குள் நின்ற கமக்காரர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

“டேய்! குளக்கட்டை வெட்டுறவன் ஆரடா?”

“இது றோட்டுங்கய்யா...”

“றோட்டோ? அப்ப நீ குடியிருக்கிற பக்கம் என்ன, பஸ் ஸ்ராண்டோ? குளமடா! குளத்துக்குள்ளை வீடு கட்டினது காணாதெண்டு கட்டையும் வெட்டுறியோ?”

வெட்டிய மண்ணை அவன் கையாலேயே அள்ளிப் போட்டு, அவன் காலாலேயே மிதிக்க வைத்துத்தான் விட்டார்கள்.

வன்னியில் ஒரு குளம் கோடையில் காணியாகவும் கிடக்கும் என்பது பழனியாண்டிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நனைந்த சாரத்தோடு சிற்றம்பலத்தின் வீட்டுக்குப் போனான். சிற்றம்பலம் கோபிக்கவில்லை.

“தண்ணிக் கஷ்டம் இல்லாத காணி வேணுமெண்டு கேட்டது ஆர்? நீ.”

“ஐயா, குடிக்கிற தண்ணி கேட்டேனுங்க. படுக்கிற தண்ணி கேக்கல.”

“உனக்குக் குறை இருந்தால் என்னோடை சண்டை பிடிக்காதை. நாங்கள் முந்தின காலத்துத் தரகர் இல்லை.” சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் காணித் தரகர் சங்கத்தின் ஒழுக்க விதிகள் தொங்கின. “எங்களுக்கு மேலை ஒரு சபை இருக்கு. சுயாதீன முறைப்பாட்டுச் சபை. காணியிலை பிழை எண்டு சபை சொன்னால், மேட்டு நிலத்திலை உனக்கு வேறை காணி. சங்கம் தரும். அது விதி.”

பழனியாண்டி அந்தச் சட்டத்தை அண்ணாந்து பார்த்தான். தோட்டத்தில் கங்காணிமேல் குறை என்றால் கங்காணியிடமே போய்ச் சொல்லவேண்டும். இங்கே நியாயம் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது.

சபை, சந்தியில் ஞானேஸ்வரியின் தேத்தண்ணிக் கடைக்குப் பின்பக்கம் இருந்தது. ஒரு மேசை, இரண்டு கதிரை. ஒன்றில் தவராசா ஐயா இருந்தார். தீவுப் பக்கத்தில் தபாலதிபராக இருந்து பென்சனோடு இளைப்பாறி, சண்டையால் இடம்பெயர்ந்து வந்தவர். மற்றக் கதிரை காலி.

“சபைக்கு ரெண்டு பேர். மற்ற ஆள் இன்னும் கிடைக்கேல்லை,” என்றார் தவராசா. “சுயாதீனமான ஆள் வேணும். எந்தத் தரகருக்கும் சொந்தக்காரராய் இருக்கக்கூடாது. எந்தத் தரகர்மேலையும் முறைப்பாடு இருக்கவும் கூடாது. இருந்தால் பக்கச்சார்பு.”

ஞானேஸ்வரி இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். தவராசா தன்னுடையதைத் தள்ளிவிட்டார்.

“முறைப்பாட்டுக்காரர் முன்னாலை இருக்கேக்கை சபை தேத்தண்ணி குடிக்கக்கூடாது. அதுவும் விதி.”

“உங்கட விதியாலை நட்டம் என்ரை கடைக்குத்தான்,” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

பழனியாண்டி முழுவதையும் சொன்னான். விரால் மீனையும் விடாமல் சொன்னான். தவராசா ஒருதரம் கண்ணை மூடித் திறந்தார்.

“விராலோ? எங்கை, அடுப்புக்குள்ளையோ?”

“ஆமாங்க.”

“ம்... அது அடுப்புக்குள்ளைதான் வரும்,” என்றார் மெல்ல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “சபை காணியை நேரிலை பாக்கவேணும். சபையும் நீங்களும் தரகரும் ஒண்டாய்ப் போகவேணும்.”

ஒன்றாய்ப் போவதுதான் பெரும்பாடாய்ப் போயிற்று. தையில் சிற்றம்பலத்துக்கு ஒரு செத்தவீடு. மாசியில் காய்ச்சல். பங்குனியில், அவர் நடமாடுவதற்கு ஆமி கொடுத்திருந்த பாஸ் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கோயில் திருவிழா. பழனியாண்டியும் மாரியாயியும் யாரோ ஒருவரின் நெல்லுக் கொட்டில் தாழ்வாரத்தில் கிடந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாய்ப் போய்ச் சேர்ந்தது ஆடி மாதத்தில்.

காணி மேசை மாதிரிக் கிடந்தது. மாடுகள் மேய்ந்தன.

“பிழை எங்கை?” என்று சிற்றம்பலம் குடையை விரித்தார்.

“தண்ணி இங்க வரைக்கும் நின்னுச்சுங்க.” பழனியாண்டி தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினான்.

“உன்ரை முழங்காலைப் பாக்கச் சபை வரேல்லை. காணியிலை ஒரு செம்புத் தண்ணி காட்டு பாப்பம்.”

தவராசா இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. மருதமரத்தைத் தாண்டி நடந்து போனார். அங்கே செருப்பால் மண்ணைக் கிளறி, துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் ஒன்றை எடுத்தார். அதைச் சால்வையால் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

“சபை தண்ணியைக் காணேல்லை,” என்றார். “மாரியிலை திரும்பவும் வந்து பாப்பம்.”

கார்த்திகையில் சிற்றம்பலம் யாரும் கூப்பிடாமலே வந்தார். மூவரும் குளக்கட்டில் நின்றார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்.

“பாருங்கய்யா! இப்பப் பாருங்க!” தன் நிலம் மூழ்கியதற்காக ஒரு மனிதன் இப்படிச் சந்தோசப்பட்டதை அந்தக் குளம் அதற்கு முன் கண்டிருக்காது.

“தண்ணியைப் பாத்தன்,” என்றார் சிற்றம்பலம். “காணி எங்கை?”

“அதுக்குக் கீழதானுங்க.”

“எல்லைக் கட்டை?”

“கீழ.”

“வீடு?”

“கரைஞ்சிருச்சுங்க.”

“தென்னம்பிள்ளை?”

பழனியாண்டி கையை மட்டும் தண்ணீர்ப் பக்கம் நீட்டினான்.

“விதி என்ன சொல்லுது, ஐயா? சபை காணியை நேரிலை பாக்கவேணும். இஞ்சை பாக்கிறதுக்குக் காணி இல்லையே.”

தவராசா மருதமரத்தையே பார்த்தபடி நின்றார். அது இடுப்பளவு தண்ணீரில் நின்றது.

“சபை காணியைக் காணேல்லை,” என்றார்.

கோடையில் பிழை இல்லை. மாரியில் காணி இல்லை. பழனியாண்டி கட்டிலேயே குந்திவிட்டான். பிறகு எழும்பினான்.

“எனக்கு எழுத்து ஓடாது. ஆனா வாய் இருக்கு. நாளைக்கே சந்தியில நிக்கப்போறேன். பஸ்ஸை விட்டு இறங்குற சனம் ஒவ்வொண்ணுக்கும் சொல்லப்போறேன், சிற்றம்பலம் ஐயா குளத்தை விக்கிறாருன்னு.”

சிற்றம்பலத்தின் முகம் அப்போதுதான் முதல்முறையாக மாறியது. குடையைக் கொண்டுவந்து அவன் தலைக்கு மேல் பிடித்தார்.

“பழனியாண்டி அண்ணை,” என்றார். அண்ணை! “இந்த நேர்மை, இந்த விடாப்பிடி. இப்பிடி ஒரு ஆளைத்தான் சங்கம் இத்தினை நாளும் தேடினது. சபையிலை அந்த மற்றக் கதிரை உங்களுக்குத்தான். நாலு ஏழைச் சனத்துக்கு உங்கட கையாலை நியாயம் சொல்லுங்கோவன்.”

“எனக்கா? கதிரையா?”

தவராசா வாயைத் திறந்தார். சிற்றம்பலம் அவரைத் திரும்பிப் பார்த்தார். தவராசா வாயை மூடிக்கொண்டார்.

மாரியாயி அன்றிரவே அவனுடைய ஒரே சேட்டைத் தோய்த்து, அடுப்புச் சூட்டில் காயப் போட்டாள். “சபையில ஏறி உக்காந்துட்டா நம்ம காணிக்கும் நீங்களே தீர்ப்புச் சொல்லலாமுல்ல?” என்றாள்.

“பின்ன? முதத் தீர்ப்பே அதுதான்.”

காலையில் சங்கத்துத் தரகர்கள் கைதட்ட, பழனியாண்டி மேசைக்கு முன்னால் நின்றான்.

“ஒரு சம்பிரதாயம்,” என்றார் சிற்றம்பலம். “எந்தத் தரகர்மேலையும் எனக்கு முறைப்பாடு இல்லையெண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லிப்போட்டு இருங்கோ.”

பழனியாண்டி கடைக்கு வெளியே நின்ற மாரியாயிக்கும் கேட்கும்படி சொன்னான். சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மேசைக்கு அந்தப் பக்கத்தில் அவன் பரம்பரையிலேயே யாரும் உட்கார்ந்ததில்லை. கதிரை கொஞ்சம் ஆடியது. அது பெரிதாகத் தெரியவில்லை.

தரகர்கள் கலைந்து போனார்கள். பழனியாண்டி சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தவராசாவின் பக்கம் திரும்பினான்.

“ஐயா, அப்ப முதல்ல என்னோட முறைப்பாட்டை எடுப்பமா?”

தவராசா அவனைப் பார்க்கவில்லை. பைக்குள்ளிருந்து அந்தப் பிணைச்சலை எடுத்து மேசையில் வைத்து, அதை மெல்லத் திறந்து மூடினார்.

“எந்த முறைப்பாடு தம்பி?” என்றார். “உமக்குத்தான் ஒண்டும் இல்லையெண்டு இப்ப ஊர் கேக்கச் சொன்னீரே.”

கடைக்கு முன்னால் ஒரு பஸ் நின்று, போனது. பழனியாண்டி கதிரையின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஞானேஸ்வரி வந்து, இருவருக்கும் முன்னால் ஆளுக்கொரு தேத்தண்ணியை வைத்தாள்.

“ரெண்டு பேரும் குடியுங்கோ, இப்ப இஞ்சை முறைப்பாட்டுக்காரர் எண்டு ஒருத்தரும் இல்லை,” என்றாள், “தவராசா ஐயாவும் இந்தக் கதிரைக்கு இப்பிடித்தான் வந்தவர் அண்ணை, அவரின்ரை காணி உங்கட காணிக்குப் பக்கத்துக் காணிதான், மருதமரத்துக்கு அங்காலை.”