கிணற்றடியில் நான் கண்டுபிடித்த கனிமம்

அரைகுறையாகப் படித்தவனைப் பந்திப் பக்கம் விடக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் சித்தப்பா மகள் செல்வியின் நிச்சயதார்த்தத்தில் நானே நிரூபித்தேன்.

அப்போது எம்.எஸ்ஸி. ஜியாலஜி கடைசி வருடம். (வழியில் நல்ல கல்லைப் பார்த்தால் நின்றுவிடுவேன். பஸ் போய்விடும்.) எங்கள் ஆய்வகத்துக் கண்ணாடிப் பெட்டியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு இருந்தது. பெயர் அன்னபெர்கைட். நிக்கலும் ஆர்செனிக்கும் கலந்த தாதுவில் காற்றும் ஈரமும் பட்டுப்பட்டு மேலே படிகிற அபூர்வமான பச்சைப் படிவு. நகத்தால் கீறினாலே உதிரும். அதை ஒருநாள் நானே கண்டெடுக்க வேண்டும் என்று வெறிபிடித்துத் திரிந்தேன்.

சித்தப்பா வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது. பொங்கல் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆலங்குளத்திலிருந்து வேனில் வந்திறங்கினார்கள். தட்டு மாற்ற இன்னும் நேரமிருந்ததால் முதலில் டிபன் பந்தி போட்டார்கள்.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துப் பாறையில் பச்சைப் படிவு. கீறினேன், உதிர்ந்தது. அன்னபெர்கைட்டேதான் என்று முடிவு கட்டினேன். அங்கே கட்டியிருந்த பசு என் சட்டையை முகர்ந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பந்தலுக்கு ஓடினேன்.

"சித்தப்பா, கிணத்துல ஆர்செனிக் இருக்கு. விசம். யாரும் தண்ணி குடிக்காதீங்க." (காதோடு காதாகச் சொன்னதாகத்தான் இன்றுவரை சாதித்து வருகிறேன்.)

முப்பது இலைகளிலும் கைகள் நின்றன. மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். "தட்டு மாத்துறதெல்லாம் பொறவு பாப்போம். வேனை எடுக்கச் சொல்லுங்க."

"சம்பந்தி, இருவது வருசமா நாங்க இதத்தான் குடிக்கோம்" என்ற சித்தப்பா, ஒரு சொம்புத் தண்ணீரை எல்லார் முன்னாலும் மடமடவென்று குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது. கதவோரம் செல்வி புதுப்பட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"இது மெல்லக் கொல்லுற விசம் சித்தப்பா. ஒடனே தெரியாது" என்றேன்.

மாப்பிள்ளை போலீஸ்காரர். "எங்கன இருக்கு, காட்டுங்க அண்ணாச்சி" என்று கூடவே வந்தார். பாறையைப் பார்த்தார். பிறகு பசுவைப் பார்த்தார். இரண்டு கொம்பும் அதே பச்சை.

"மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல சாயம் அடிச்சது யாரு?"

"நாந்தான் மாப்ள" என்றார் பின்னாலேயே வந்த சித்தப்பா. "மிச்சத்த இங்கனதான் ஊத்துனேன்."

"அப்ப கொம்பையும் லேபுக்கு அனுப்பிருங்க அண்ணாச்சி" என்றார் மாப்பிள்ளை, சிரிக்காமல்.

எங்கள் ஊர்ப் பாறையில் நிக்கல் தாது கிடையாது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். தட்டு மாற்றும்போது நான் கிணற்றடியில் பசுவோடு நின்றேன். பந்தலுக்குள் போக முகமில்லை.

இன்றும் வீட்டு விசேஷங்களில் முதல் டம்ளர் தண்ணீர் எனக்குத்தான். நான் குடித்த பிறகே மற்றவர்கள் டம்ளரைத் தொடுவார்கள். செல்வியின் மகள், "மாமா, குடிக்கலாமா?" என்று கேட்பாள். பந்தியே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

சித்தப்பா மட்டும் சிரிக்க மாட்டார். "ஏட்டி, விடு. படிச்ச புள்ள, நம்ம நல்லதுக்குத்தான சொன்னான்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் மிச்சத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் டம்ளரைக் கீழே வைப்பேன்.